நம் ஊர் வசந்தத்தில் என்ன சமைப்பது: வேப்பம்பூ, மாவடு, பலாப்பிஞ்சு பற்றி ஒரு பதில்

கேள்வியை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுச் சமையல் பக்கங்களில் வசந்தம் வந்தால் அஸ்பாரகஸ், பச்சைப் பட்டாணி, இளங்கீரை என்று கொண்டாடுகிறார்கள். நமக்கு அப்படி ஒரு பருவக் காய்ப்பட்டியல் உண்டா, இல்லை ஆண்டு முழுக்க அதே கத்தரிக்காயும் வெண்டைக்காயும்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே இரண்டு குறைகள்: வேப்பம்பூ ரசம் வாயில் வைக்க முடியாத கசப்பு, சென்ற ஆண்டு போட்ட மாவடு பத்து நாளில் கொழகொழத்துப் போனது. கடைசியில், இவற்றில் எதையெல்லாம் ஆடி வரை எடுத்து வைக்கலாம் என்றும் ஒரு வரி. தனித்தனியாகக் கேட்டிருந்தாலும் இவை ஒன்றோடொன்று பின்னியவை. பருவத்தைப் புரிந்துகொண்டால் கசப்பும் கொழகொழப்பும் ஏன் வந்தன என்பதும் புரியும்.

குளிர்நாடுகளில் வசந்தம் என்பது பனி உருகி மண் இளகும் நேரம். அதனால் அங்கே முதலில் வருபவை மண்ணிலிருந்து எழும் தண்டும் தளிரும். தமிழ்நாட்டில் கதை வேறு. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் பெய்து ஓய்கிறது. அந்த ஈரத்தில் விளைகிற அவரை, மொச்சை, கீரை எல்லாம் தை, மாசியோடு முடிந்துவிடும். பங்குனியில் மேல்மண் காயத் தொடங்கும்போது இன்னும் ஈரம் எட்டுவது ஆழத்தில் வேர் விட்டவற்றுக்கு மட்டும்தான். ஆகவே நம் இளவேனில் தோட்டத்தின் காலம் அல்ல, மரத்தின் காலம். வேம்பு பூக்கிறது, மா வடு விடுகிறது, பலா பிஞ்சு வைக்கிறது, முருங்கை சடை சடையாகக் காய்க்கிறது, பனையில் நுங்கு, புளியமரத்தில் புதுப்புளி, கடலூர் மாவட்டத்திலும் கன்னியாகுமரியிலும் முந்திரிப்பழம். இலக்கணம் இளவேனில் என்று சொல்வது சித்திரையையும் வைகாசியையும். சந்தைக்கு அது மாசிக் கடைசியிலேயே வந்துவிடும். கன்னியாகுமரிப் பக்கம் மாங்காய் இன்னும் முந்தும். பூக்கும் நேரத்தில் மழை பெய்தால் எல்லாமே சில வாரம் தள்ளிப்போகும், எனவே தேதியைவிடக் கடைத்தெருவைப் பார்ப்பது மேல்.

மரத்தின் பிஞ்சுக்கும் தோட்டத்துக் காய்க்கும் சமையலில் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வெண்டைக்காயை நறுக்கி வதக்கினால் ஆயிற்று. மரமோ தன் பூவையும் பிஞ்சையும் சும்மா விட்டுக்கொடுப்பதில்லை: வேப்பம்பூவில் கசப்பு, மாவடுவிலும் பலாவிலும் பால், முந்திரிப்பழத்தில் தொண்டையைப் பிடிக்கும் துவர்ப்பு. இந்தப் பருவத்துச் சமையலில் பாதி வேலை மசாலாவில் இல்லை, இந்தப் பாலையும் கசப்பையும் கையாள்வதில்தான் இருக்கிறது. செய்முறைக் குறிப்புகள் பெரும்பாலும் இதை ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகின்றன. (அஸ்பாரகஸ் கிடைக்கவில்லையே என்று வருந்த வேண்டாம். நம் ஊர்த் தண்ணீர்விட்டான் கொடி அதே பேரினம்தான். நாம் அதில் தண்டை விட்டுவிட்டுக் கிழங்கை எடுத்துக்கொண்டோம்.)

வேப்பம்பூவிலிருந்து தொடங்குகிறேன். பூவின் கசப்பு நீரில் மெல்ல மெல்ல இறங்கும். மணமோ நெய்யில் வறுபடும்போது எழும். இந்த இரண்டையும் மனத்தில் வைத்தால் ரசம் தானே சரியாகும். உங்கள் குறிப்பில் பூவைப் புளித்தண்ணீரோடு சேர்த்துக் கொதிக்கவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் தவறு. நான்கு பேருக்கு, சிறிய எலுமிச்சை அளவு புளியை இரண்டரைக் கப் நீரில் கரைத்து, உப்பும் பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்டு, பச்சை வாசனை போகும்வரை எட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். அடுப்பை அணையுங்கள். அதன்பிறகு வேறொரு சிறு வாணலியில் இரண்டு தேக்கரண்டி நெய் ஊற்றி, கடுகு, அரைத் தேக்கரண்டி துவரம்பருப்பு, இரண்டு வற்றல் மிளகாய் தாளித்து, தீயை நன்றாகக் குறைத்து ஒரு மேசைக்கரண்டி காய்ந்த வேப்பம்பூவைப் போடுங்கள். பூ காபிக்கொட்டை நிறத்துக்கு வரவேண்டும். இளம்பழுப்பில் எடுத்தால் கசப்பு முன்னால் நிற்கும். கருகிவிட்டால் வேறொரு கசப்பு வந்து சேரும், அது போகவே போகாது. வறுத்ததை ரசத்தில் கொட்டி, மூடி, ஐந்து நிமிடம் கழித்துப் பரிமாறுங்கள். மிஞ்சியதை இரவுக்கு வைப்பதானால் பூவை வடிகட்டி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மதியம் இருந்த ரசம் இரவில் கஷாயமாகியிருக்கும்.

பச்சைப் பூவானால் அளவு கூட வேண்டும், இரண்டு கைப்பிடி எடுத்தாலும் வறுபட்டதும் சுருங்கிவிடும். முதலில் நெய்யில்லாமல் வெறும் வாணலியில் ஈரம் போகப் புரட்டிவிட்டு, பிறகு நெய் விடுங்கள். பூ சேகரிக்க, காலையில் மரத்தடியில் பழைய வேட்டி ஒன்றை விரித்துக் கிளையை உலுக்கினால் போதும். தரையில் கூட்டி அள்ளிய பூவில் மண் இருக்கும். அதை ஊறவைத்துக் கழுவினால் மணம் போகும். சாலையோர மரங்களைத் தவிர்ப்பது நல்லது. காம்பும் இலைத்துணுக்கும் பூவைவிடக் கசக்கும் என்பதால் அவற்றைப் பொறுக்கி எடுக்கும் அரைமணி நேரத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் காயவைத்தால், கையில் எடுத்து நெருக்கும்போது நொறுங்கும். அந்தப் பக்குவத்தில் காற்றுப்புகாத டப்பாவில் அடுத்த பங்குனி வரை வரும். கூடை நிறையப் பூ காய்ந்து சின்ன டப்பாவுக்குள் அடங்கிவிடும், அதைப் பார்த்துச் சோர்ந்துபோக வேண்டாம். சிலர் உப்பிட்ட மோரில் ஊறவைத்துக் காயவைத்து வற்றல்போல வறுப்பார்கள். தயிர்சாதத்துக்கு அது மிக நல்ல துணை.

வேப்பம்பூ பூச்சியைக் கொல்லும், சர்க்கரையைக் குறைக்கும் என்றெல்லாம் சொல்வார்கள். உணவில் சேர்க்கும் ஒரு கரண்டிப் பூவுக்கு அந்த வேலை செய்யும் வலிமை உண்டு என்று நான் உறுதி சொல்லமாட்டேன். வைத்தியம் என் துறையும் அல்ல. ஒன்று மட்டும் உறுதி: வேப்பெண்ணெயைக் குழந்தைகளுக்கு உள்ளுக்குக் கொடுப்பது ஆபத்து, அதனால் கடுமையான நச்சுப் பாதிப்பு வந்தது மருத்துவப் பதிவுகளில் உண்டு. பூவை ருசிக்காகச் சாப்பிடுங்கள், அந்த ஒரு காரணமே போதும்.

ஏப்ரல் 14 வருடப்பிறப்பு மாங்காய்ப் பச்சடிக்கும் இதே விதிதான்: வறுத்த பூ கடைசியில், இலையில் வைக்கும்போது. கால் கிலோ கிளிமூக்கு மாங்காய்க்கு நூறு கிராம் வெல்லம் சரியாக இருக்கும், நாட்டு மாங்காய் என்றால் நூற்றைம்பது வரை போகலாம். இங்கே அடிக்கடி நேரும் பிழை, வெல்லத்தை முன்னாலேயே போடுவது. இனிப்பு சேர்ந்தபின் மாங்காய்த் துண்டு மேற்கொண்டு மசியாது, எவ்வளவு நேரம் கொதித்தாலும் நறுக்நறுக்கென்றே இருக்கும். மாங்காயை உப்பு, மஞ்சள்தூள் போட்டுக் குழைய வேகவைத்துவிட்டு வெல்லப்பாகை வடிகட்டி ஊற்றுங்கள். மாங்காய்ப் பருப்புக்கும் இந்த வரிசை பொருந்தும், ஆனால் காரணம் தலைகீழ்: புளிப்பு பருப்பை வேகவிடாது, ஆகவே பருப்பு குழைந்தபின்பே மாங்காய்.

இனி மாவடு. இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம், ஏனென்றால் கெட்டுப்போனால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டிய பொருள். கொழகொழத்துப் போவதற்கு வழக்கமாக நான்கில் ஒன்று காரணமாக இருக்கும்: அடிபட்ட வடு, முற்றிய வடு, உப்புக் குறைவு, வெளித்தண்ணீர். உங்கள் குறிப்பைப் பார்த்தால் கடைசி இரண்டும் சேர்ந்திருக்கின்றன என்று நினைக்கிறேன். ஒரு கிலோவுக்கு ‘அரைக் கப் உப்பு’ போட்டதாகச் சொல்கிறீர்கள். கல் உப்பைக் கப்பில் அளந்தால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கும் காற்றையும் சேர்த்துத்தான் அளக்கிறோம்; அதே கப்பில் தூள் உப்பு நன்றாகக் கனக்கும். தராசில் நிறுத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஒரு கிலோ வடுவுக்கு 150 கிராம் உப்பு என்பது பாதுகாப்பான அளவு. 100 கிராமுக்குக் கீழே போனால் அது ஊறுகாய் அல்ல, குளிர்பெட்டியில் வைத்துச் சில வாரத்தில் தீர்க்க வேண்டிய பண்டம்.

வடு வாங்கும்போது ஒன்றை நகத்தால் கீறி, நடுவில் வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். கத்தி தடையில்லாமல் இறங்க வேண்டும். உள்ளே கொட்டை ஓடு கட்டத் தொடங்கியிருந்தால் அதை வெட்டு மாங்காய் ஊறுகாய்க்கு வைத்துக்கொள்ளலாம். உருண்டை வடுவா நீள வடுவா என்பது பழக்கத்தைப் பொறுத்தது, இரண்டும் நன்றாக வரும். ஆனால் நாட்டு மரத்து வடுவாக இருக்கட்டும்: காம்பைக் கிள்ளினால் பால் பீறிட்டு, மூக்கைத் துளைக்கும் மணம் வரவேண்டும். ஒட்டு மரத்துப் பிஞ்சு பல நேரம் சப்பென்று இருக்கும். காற்றடித்துத் தரையில் விழுந்த வடு மலிவாகக் கிடைக்கும். வாங்காதீர்கள், அடிபட்ட இடத்திலிருந்துதான் அழுகல் தொடங்கும், ஒரு வடு போதும் ஜாடியைக் கெடுக்க. பறித்த அன்றே போடுவது உத்தமம். சென்னையில் இருப்பவர்கள் மயிலாப்பூர் மாடவீதிகளில் காலையில் போனால் நல்ல வடு கிடைக்கும்.

காம்பை முழுக்கப் பிடுங்காமல் கால் அங்குலம் விட்டு நறுக்குங்கள். முழுக்கப் பிடுங்கினால் அந்தத் துளை வழியே உள்சதை இளகும். கழுவி, துணியில் ஒற்றி, நிழலில் விரித்து ஈரம் போகவிடுங்கள். பால் முகத்திலோ உதட்டிலோ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், புண்ணாகிவிடும். மாவும் முந்திரியும் ஒரே தாவரக் குடும்பம், இரண்டின் பாலும் தோலை அரிக்கும். பிறகு ஒரு மேசைக்கரண்டி விளக்கெண்ணெயை வடு முழுக்கப் படும்படி புரட்டி, 150 கிராம் கல் உப்பும் ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளும் சேர்த்துப் பீங்கான் ஜாடியில் போட்டு மூடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம். தினம் இருமுறை ஜாடியைக் குலுக்கிவிடுங்கள். மூன்று நான்கு நாளில் வடு சுருங்கி, தன் நீரைத் தானே விட்டிருக்கும். நீர் விடுகிறதே கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், அந்த நீர்தான் இனி அதைக் காக்கப்போகிறது.

வடு நன்றாகச் சுருங்கியதும், 40 கிராம் வற்றல் மிளகாயையும் 25 கிராம் கடுகையும் வெயிலில் காயவைத்து வறுக்காமல் பொடித்து, ஜாடியில் ஊறிய நீரையே கொஞ்சம் எடுத்துக் கரைத்து ஊற்றுங்கள். கடுகு ருசிக்கு மட்டுமல்ல, அதன் காரம் நுண்ணுயிர்களை அடக்கவும் செய்யும். வறுத்தால் அந்த வீரியம் போய்விடும். முதல் வாரம் கடுகு சற்றுக் கசக்கும், பிறகு அடங்கிவிடும். மூன்று நான்கு வாரத்தில் சாப்பிடலாம். வடு எப்போதும் நீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். மேலே மிதந்தால் கொதித்து ஆறிய நீரில் நூறு மில்லிக்கு 15 கிராம் வீதம் உப்புக் கரைத்து ஊற்றலாம், வெறும் நீர் கூடாது. மேலே மெல்லிய வெள்ளைப் படலம் படிந்தால் பெரும்பாலும் அது ஈஸ்ட். வழித்தெறிந்துவிட்டு உப்பைச் சரிபார்த்தால் போதும். பச்சை, கறுப்பு, பஞ்சுபோன்ற பூசணம் என்றால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். அயோடின் உப்பு வடுவைக் கெடுக்கும் என்று பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. அயோடின் இளக்குவதாக நான் நினைக்கவில்லை. தூள் உப்பில் கட்டிபிடிக்காமல் இருக்கச் சேர்ப்பவை நீரைக் கலங்கலாக்கும், அவ்வளவுதான். அதுபோலவே ‘கைராசி’: ராசியில்லை என்று பெயர் வாங்கிய பல கைகள் வெறும் ஈரக்கைகள்தான்.

பலாப்பிஞ்சைப் பலாமூசு என்பார்கள் சிலர், குமரிப் பக்கம் இடிச்சக்கை. இலங்கையில் சிங்களவர்கள் பொலஸ் என்று இதே பிஞ்சைத் தேங்காய்ப்பாலில் நெடுநேரம் வேகவைத்து எடுப்பார்கள். வாங்கும்போது ஒன்றரைக் கிலோவுக்கு மேற்படாததாக, முள் நெருக்கமாகவும் பச்சையாகவும் இருப்பதாகப் பாருங்கள். முள் அகன்று மஞ்சளோடியிருந்தால் உள்ளே கொட்டைக்கு உறை வந்திருக்கும். அது கூட்டுக்கும் குழம்புக்கும் ஆகும், இடித்து உதிர்த்துத் தாளிக்கும் பொடித்துவலுக்கு ஆகாது. இதில் எல்லாரும் பயப்படுவது பாலுக்கு. பலாப்பால் நீரில் கரையாது, சோப்பும் பெரிதாக உதவாது. எண்ணெய் ஒன்றுக்குத்தான் அது அடங்கும். கத்திக்கும் கைக்கும் பலகைக்கும் தேங்காயெண்ணெய் தடவி, பழைய செய்தித்தாள் விரித்துக்கொண்டு, முதலில் காம்புப் பக்கம் ஒரு வளையம் வெட்டிப் பத்து நிமிடம் தலைகீழாக நிறுத்தி வையுங்கள். வழியும் பாலைக் காகிதத்தால் துடைத்துவிட்டு முள்தோலைத் தடிமனாகச் சீவுங்கள். எடையில் பாதி போய்விடும், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். நறுக்கிய துண்டுகளை உடனே மோர் கலந்த நீரில் போடாவிட்டால் கறுக்கும்.

துண்டுகளை உப்பு, மஞ்சள், ஒரு தேக்கரண்டி எண்ணெய் சேர்த்துத் தனிப் பாத்திரத்தில் வைத்துக் குக்கரில் இரண்டு விசில் விடுங்கள். குக்கரிலேயே நேராகப் போட்டால் மிஞ்சிய பால் சுவரில் வளையமாக ஒட்டிக்கொள்ளும், தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்துபோகும். வெந்ததை நீர் வடித்து ஆறவிட்டு உரலில் நாலு இடி. மிக்ஸி என்றால் விட்டுவிட்டு இரண்டு மூன்று சுற்று, அதற்குமேல் போனால் களியாகிவிடும். நார் நாராக உதிர்ந்ததும் தேங்காயெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, வற்றல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து வதக்கி, அரைக் கிலோவுக்கு அரைமூடித் தேங்காய்த் துருவல் போடுங்கள். ஈரம் முழுக்க வற்றும்வரை தேங்காய் போடாமல் பொறுத்திருப்பது முக்கியம். பலாவுக்குத் தனக்கென்று பெரிய ருசி கிடையாது, தாளிப்பை வாங்கிக்கொள்ளும் நார்தான் அதன் சிறப்பு. இதைக் கறிக்கு மாற்று என்று விற்கிறார்கள் இப்போது. மென்று தின்னும் சுகத்தில் அப்படி, புரதத்தில் அப்படி இல்லை.

முருங்கைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காயை முறுக்கிப் பார்த்தால் வளைய வேண்டும், விதை வெளியே புடைத்துத் தெரியக்கூடாது. சாம்பாரில் காய் பிளந்து போகிறது என்றால் நேரம் கூடிவிட்டது என்று பொருள். தனியாக உப்புநீரில் முக்கால் பதம் வேகவைத்துக் கடைசியில் சேருங்கள். இந்த மாதங்களில் கிடைக்கும் முருங்கைப்பூவைப் பாசிப்பருப்போடு பொரியல் செய்யலாம், பூச்சி இருக்கும் என்பதால் உப்புநீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுங்கள். முந்திரிப்பழத்தை அப்படியே கடித்தால் தொண்டை கரகரக்கும். நறுக்கி உப்புநீரில் ஊறவைப்பதும் ஐந்து நிமிடம் ஆவியில் வைப்பதும் அதைப் பெருமளவு குறைக்கும். பிறகு மிளகாய்த்தூள் தூவித் தின்னலாம், மோர்க்குழம்பிலும் போடலாம். பழத்தோடு வரும் பச்சைக் கொட்டையை மட்டும் வீட்டில் சுட முயல வேண்டாம். ஓட்டின் எண்ணெயும் புகையும் தோலையும் கண்ணையும் கடுமையாகப் பாதிக்கும்.

எடுத்து வைப்பது பற்றிய கடைசி வரிக்கு: காய்ந்த வேப்பம்பூவும் மாவடுவும் ஆடியையும் தாண்டி வரும். பலாப்பிஞ்சை வேகவைத்து உதிர்த்து, தாளிக்காமல், ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக ஃப்ரீசரில் இரண்டு மூன்று மாதம் வைக்கலாம். மாங்காயைக் கீறி உப்பிட்டு வெயிலில் காயவைத்த மாங்காய் வற்றல், வத்தக்குழம்புக்கு ஆண்டு முழுக்க உதவும். நுங்குக்கு மட்டும் எந்த வழியும் கிடையாது. சீவிய சில மணி நேரத்தில் உள்ளிருக்கும் நீர் புளிக்கத் தொடங்கும், ஃப்ரீசரில் வைத்தால் ரப்பர்போல ஆகிவிடும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் பருவத்தில் வாங்கி, வண்டிக்காரர் சீவிக்கொடுத்த இடத்திலேயே நின்று கட்டைவிரலால் தோண்டித் தின்றுவிடுங்கள்.